வலி நின்றுபோன பல்

அன்புள்ள சாமி,

கடிதத்தைக் கண்டதும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். நானும் உன் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது, வாழை குலை தள்ளியிருக்கிறது. கையில் போன் இருக்கும்போது இந்த மனுசன் எதற்காக நோட்டிலிருந்து தாளைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் பேசிப் பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்தவுடன் “சரிங்கப்பா” என்கிறாய். அடுத்ததற்கும் “சரிங்கப்பா”. மூன்றாவது வார்த்தைக்குள் உன்னை யாரோ லாரி செட்டிலிருந்து கூப்பிட்டுவிடுகிறார்கள். காகிதத்திடம் அப்படித் தப்பிக்க முடியாது. அதோடு நான் சொல்ல வந்ததில் பாதி, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை. அவ்வளவு வெட்கக்கேடு.

விஷயம் உன் வலது பக்கத்துக் கடைவாய்ப் பல். இன்னும் பன்னிரண்டு நாளில் நீ போர்வெல் ரிக்கோடு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறாய். திரும்பி வர ஒரு வருடம் ஆகும். நீ தங்கப் போகும் கேம்ப்பிலிருந்து பக்கத்து டவுனுக்கே அரை நாள் பயணம் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். அங்கே உனக்கு முகம் வீங்கினால் விசாரிக்க ஒட்டகச்சிவிங்கிதான் வரும். அதனால் நீ விமானம் ஏறுவதற்குள் அந்தப் பல்லை ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும். இந்தக் கடிதம் முழுக்க அதற்காகத்தான். நடுவில் நான் வேறு எங்கெங்கோ போவேன், பொறுத்துக்கொள், திரும்பி அங்கேயே வந்துவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கவிதாவும் வந்திருந்தபோது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாக நினைத்தாய். பேப்பருக்கு மேலே உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். எலும்பை மிச்சம் வைக்காத நீ, அன்றைக்குக் கறியை இடது பக்கமாகவே தள்ளித் தள்ளிச் சாப்பிட்டாய். ஒரு துண்டு வலது பக்கம் வழுக்கிப் போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாய். சூடான டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாய். குடித்த நேரத்தில் சுளீர் என்று இருந்து உடனே போயிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். நீயோ தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். அந்த நேரத்தில் நான் விளையாட்டுப் பக்கம் முழுவதையும் படித்து முடித்தேன். “என்ன சாமி?” என்றதற்கு, “ஒண்ணுமில்லீங்கப்பா, கொசு” என்றாய். தாடைக்குள் கடிக்கிற கொசுவை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் உனக்குத் தெரியாமல் கவிதாவைக் கேட்டேன். அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே, கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள். “அந்தப் பல்லு மட்டும் கருத்தாப்புல இருக்குதுங்க மாமா. ஈறுல அரிசியாட்டம் ஒரு கொப்புளம் வருது, அதுவா ஒடையுது, வாயெல்லாம் உப்புக் கரிக்குதுங்கறாரு. நாலு நாள்ல மறுக்கா வந்துருது. மெடிக்கல்ல மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டுக்கறாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வர மாட்டீங்கறாருங்க” என்றாள். ஏனம்மா மாட்டேன் என்கிறான் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “உங்களைத்தானுங்க சொல்றாரு. எங்கப்பாவுக்கும் இதே மாதிரி வந்துச்சு, குலசாமிகிட்டப் பூக் கேட்டாங்க, தானா நின்னுருச்சு, டாக்டர் மூஞ்சியவே பாக்கலைங்கறாரு.”

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரு பொய், வளர்ந்து ஆளாகி, என் மகன் வாயிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. இனிமேல் அதைச் சொல்லாமல் இருந்தால் நான் அப்பன் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. நான் மழைக்காலத்துக்கு ரிக்கை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. உனக்கு இப்போது வருகிறதே, அச்சாக அதே வலிதான். கிராம்பை வைத்தேன், உப்புத் தண்ணீரைக் கொப்பளித்தேன், மூக்குப்பொடியைக்கூட அடைத்துப் பார்த்தேன். தும்மல் வந்ததுதான் மிச்சம். உன் அம்மா தினமும் “டாக்டர்கிட்டப் போலாமுங்க” என்பாள். நான் தினமும் “நாளைக்கு” என்பேன். காரணம் என்ன தெரியுமா? டாக்டர் பல்லில் துளை போடுவார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கருங்கல் பாறையில் ஆயிரம் அடி துளை போட்டுவிட்டு அசராமல் பீடி பிடித்தவன் நான். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து சோறு தின்றவன். அந்த ஆளுக்கு, எள்ளளவு துளைக்கு வேட்டி நனையாத குறை. வெளியே சொல்ல முடியுமா? அதனால் பெரிய பக்திமான் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “எதுக்கும் சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்” என்றேன்.

பூக் கேட்பது உனக்குத் தெரிந்ததுதான். பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரைக்கும் நம் ஆட்கள் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி காலடியில் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் நினைத்தது சரி, சிவப்பு வந்தால் ஆகாது. டாக்டரிடம் போகாமலே குணமாகும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பொட்டலம் கட்டுகிற வேலையையும் நானே வலியக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எடுக்கப் போவது நீ. உன்மேல் எனக்கு நம்பிக்கை உண்டுதான். ஆனாலும் ஏழு வயதுப் பையன் கையில் என் தாடையை ஒப்படைக்க மனசு வரவில்லை. கோயிலுக்குப் பின்பக்கம் போய், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். ஆமாம் சாமி, இரண்டிலும். நீ முகத்தை அவ்வளவு பயபக்தியாக வைத்துக்கொண்டு போய் ஒன்றை எடுத்து வந்தாய். பூசாரி பிரித்தார், வெள்ளை. உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன், வலிக்காத கன்னத்தில்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கெடுத்தது. நாலாம் நாள் காலையில் எழுந்தால் வலி இல்லை. சூடாகக் குடித்தேன், இல்லை. குளிரக் குடித்தேன், இல்லை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோரையும் ஜேடர்பாளையத்துக்குக் கூட்டிப் போய், அணைக்கட்டுப் பக்கம் பொரித்த மீன் வாங்கி, நடு முள்ளை அந்தப் பல்லாலேயே நறுக்கென்று கடித்துக் காட்டினேன். நீ கை தட்டினாய். ஏமாற்றியவனுக்கே சாமி அருள் செய்துவிட்டது என்று உள்ளுக்குள் எனக்கு ஆச்சரியம். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போயிருந்தது, செத்த நரம்பு எப்படி வலிக்கும் என்பதெல்லாம் அந்த மீன் தின்கிற மண்டைக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் கழித்து மத்தியப் பிரதேசத்தில், கரிசல் காட்டில் ரிக் நின்றுகொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் முகத்தில் பாதி வீங்கிவிட்டது. மதியத்துக்குள் வாய் திறக்கவில்லை, காய்ச்சல் வேறு. ரிக் டிரைவர் ராசு என்னைப் பார்த்துவிட்டு, “அண்ணா, மேஸ்திரி எங்கீங்க?” என்றான். நான்தான்டா மேஸ்திரி என்று சொல்ல முயன்றேன், வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. ராடு ஏற்றுகிற சப்போர்ட் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர் சீழை வடித்து, ஊசி மேல் ஊசியாகப் போட்டு, வீக்கம் இறங்கியதும் பல்லைப் பிடுங்கினார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் வீக்கம் தொண்டைக்கு இறங்கி மூச்சை அடைத்திருக்கும் என்று அவர் இந்தியில் சொன்னதை ராசு எனக்குத் தமிழில் சொன்னான். சொல்லும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு உன் முகமும் உன் அம்மா முகமும்தான் கண்ணில் நின்றது. வெறும் பல்வலியில் சாகப் போகிறோமே என்று அன்றைக்கு உண்மையாகவே பயந்தேன்.

ஊருக்கு வந்தபோது பல் இருந்த இடத்தில் ஓட்டை. என்ன என்று உன் அம்மா கேட்டாள். ஸ்பேனர் வழுக்கி அடித்துவிட்டது என்றேன். நீ அந்த ஸ்பேனரைக் காட்டச் சொல்லி அடம் பிடித்தாய், நானும் ஒன்றை எடுத்துக் காட்டினேன். உன் அம்மாவோ அந்தப் பல்வலி தீர்ந்ததற்காக வருடம் தவறாமல் பங்குனியில் குலசாமிக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறாள். பல் மத்தியப் பிரதேசத்தில் ஏதோ குப்பையில் கிடக்கிறது, இங்கே அதற்குச் சர்க்கரைப் பொங்கல். நானும் இரண்டு கை வாங்கித் தின்றிருக்கிறேன்.

இதோடு முடிந்ததென்று நினைக்காதே. போன ஐப்பசியில் எனக்கு இன்னொரு பல்லில் அதே வலி வந்தது. இந்தத் தடவை மூன்றாம் நாளே நாமக்கல்லுக்குப் பஸ் ஏறிவிட்டேன், யாருக்கும் சொல்லாமல். சொன்னால் பழைய கதையைத் தோண்ட வேண்டி வருமே. ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், சின்ன வயது டாக்டர். வாயைத் திறக்கச் சொல்வாள் என்று பார்த்தால், முதலில் கேள்வி கேட்டாள். “சூடா குடிச்சா வலிக்குதா ஐயா? குடிச்சு முடிச்சதும் போயிடுதா, இல்ல நிக்குதா?” நிற்குதுங்க என்றேன். “எவ்வளவு நேரம்?” “டம்ளரைக் கழுவி வெச்சுட்டு, மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு வார வரைக்கும் நிக்குதுங்க.” சும்மா இருக்கும்போதே தானாக விண்விண் என்று தெறிக்கிறதா, கடித்தால் வலிக்கிறதா, அந்தப் பல் மட்டும் கொஞ்சம் உயரமாக நிற்கிற மாதிரி இருக்கிறதா, ஈறில் கொப்புளம் உண்டா என்றெல்லாம் கேட்டாள். பிறகு கண்ணாடிக் கம்பியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். குளிர்ந்த பஞ்சை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தாள். படம் எடுத்து, வேரின் நுனியில் கறுப்பாக ஒரு நிழலைக் காட்டினாள். சுளீர் என்று வந்து உடனே போகிற கூச்சமாக இருந்தால் அடைத்துவிட்டாலே போதுமாம், சில நேரம் ஈறுதான் காரணமாக இருக்குமாம். வலி நின்று நிதானமாக இருந்தால் நரம்பு கெட ஆரம்பித்திருக்கலாம், எதுவானாலும் சோதித்துத்தான் சொல்ல முடியும், வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணக்கூடாது என்றாள். எனக்கு வேர்ச் சிகிச்சைதான் என்று ஆனது. ஊசி போட்டது எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய கம்பிகளை வேருக்குள் இறக்கி, ஆழம் அளந்து, சுத்தம் செய்தாள். எத்தனை அடிங்க என்று கேட்டேன். வாய் மரத்துப்போனதால் அவளுக்குப் புரியவில்லை, நல்லதாயிற்று.

மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை ரேஷன் கார்டு என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டாவது தடவைக்குக் காரணம் கிடைக்காமல், நாமக்கல்லில் பழைய ரிக் சிநேகிதன் ஒருவன் செத்துவிட்டான் என்றேன். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை. திரும்பி வந்தால் உன் அம்மா வாசலிலேயே குடத்தோடு நிற்கிறாள். சாவுக்குப் போய்விட்டு வந்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியுமா? மரத்துப்போன வாயோடு, வாசலில் உட்கார்ந்து, பிறக்காதவனுக்காகத் தலை முழுகினேன். “என்னுங்க, வாய் ஒருபக்கமாக் கோணுது?” என்றாள். அழுததில் என்றேன். மூன்றாவது தடவை அவனுக்குக் கருமாதி. பல்லுக்கு மூடி போட்டுக்கொண்டு வந்து, மறுபடியும் குளித்தேன்.

சிரித்தாயா? சிரி. இப்போது ஒன்று சொல்கிறேன், அதற்குச் சிரிக்காதே. நீ சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை பெயர்ந்து வந்தபோது, ஆம்பளப் பையன் அழுவலாமா என்று அதட்டினேன். நீ அப்படியே விழுங்கிக்கொண்டாய். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். வலியை வெளியே காட்டாமல் இருப்பதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அப்படிச் சொல்லிக் கொடுத்த நானோ, ஒரு ஊசிக்குப் பயந்து சாமியையே ஏமாற்றியவன். உன் அப்பன் தைரியசாலி என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். அந்த நம்பிக்கை போனால் எனக்கு வலிக்கத்தான் செய்யும். உன் பல் போவதற்கு, இல்லை அதைவிடப் பெரிதாக ஏதாவது ஆவதற்கு, இது எவ்வளவோ மேல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். எனக்கும் இருந்தது.

இதுவரைக்கும் நேற்றே எழுதிவிட்டேன். இன்று காலையில் உன் அம்மா வந்து, “அப்படி என்னத்தத்தான் எழுதறீங்க?” என்றாள். ஒளிக்கத் தெம்பில்லை. படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கருமாதி வந்த இடத்தில் மட்டும் முறத்தை நிறுத்தினாள். “அந்த மனுசனுக்காவ நான் ஒரு நேரஞ் சாப்படாம இருந்தனுங்க” என்றாள். பூ விஷயத்துக்கு ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேட்டேன்.

“ரெண்டுலயும் வெள்ளைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. இன்னொரு பொட்டலத்தைப் பிரிச்சுப் பூவை என்ற தலையிலதான வெச்சுக்கிட்டன்.”

“அப்பறம் எதுக்குடி வருசா வருசம் பொங்கல் வெக்கற?”

“சாமிகிட்டயே பொய் சொல்லிப்போட்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான் வெக்கறன். பல்லுக்குன்னு நான் எப்பச் சொன்னனுங்க?”

நான் ஏமாற்றியதாக நினைத்த சாமியும் உன் அம்மாவும் என்னைச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. இங்கேயே முடித்து, தபாலில் போட்டுவிடலாம் என்று கவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவிதா போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோசம். “மாமா, அவருக்கு வலி சுத்தமா நின்னுருச்சுங்க! காலையில சூடா ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சாரு, ஒண்ணுமே இல்லீங்கறாரு. சாமி கண்ணைத் தொறந்துருச்சுங்க. இனி டாக்டர் வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாரு.”

சாமி, அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துக்கொள். இத்தனை நாள் வலியைவிட இந்த ஒரு நாள் சுகம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நாமக்கல் டாக்டருக்குப் போன் போட்டேன். “வலி நின்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல ஐயா, இன்னைக்கே கூட்டிட்டு வாங்க” என்றாள். நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். தபாலை நம்பினால் நீ ஆப்பிரிக்காவில் இருப்பாய். போனில் சொன்னால் “சரிங்கப்பா” என்பாய். அதனால் நீ இருக்கிற திருச்செங்கோட்டுக்கே பஸ் ஏறக் கிளம்பிவிட்டேன். உன் அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். தனியாக விட்டால் ஆஸ்பத்திரி வாசல் ஞாபகம் வந்ததும் நான் பாதி வழியிலேயே இறங்கிவிடுவேனாம்.

ஆகவே இந்தக் கடிதத்தை நீ படித்துக்கொண்டிருக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். தலையை நிமிர்த்தாதே, எனக்கு வெட்கமாக இருக்கும். முழுவதும் படி. படித்துவிட்டாயா? ஒன்றும் பேச வேண்டாம். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடு. உன் அம்மாவும் கவிதாவும் பஸ்ஸில் வரட்டும், நான் உன் பின்னால் உட்கார்ந்து உன் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். டாக்டர் உன் பல்லைத் தட்டி முடிக்கிற வரைக்கும் விட மாட்டேன்.

அப்பா